வெளிநாட்டுத் தன்னார்வலர் வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்காவிட்டால்

வரிசையை மாற்றிப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த கால்நடை நர்ஸ் பேசும்போது தெருநாய்களைக் கையாளக் கற்றுத்தரும் உங்கள் பெங்களூரு வகுப்பில் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்கிறீர்கள். முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் செய்து காட்டட்டும், அவர் பார்க்கட்டும். அப்புறம் பேசட்டும்.

காரணம் பெரும்பாலும் ஆங்கிலம் இல்லை. அவர் மனதில் இருப்பது வீட்டில் கழுத்துப்பட்டையோடு வளர்ந்த நாய். நம் பிள்ளைகள் பிடிப்பது கருத்தடை முடிந்து, அதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டிய தெருநாய். அளவுகூட இடிக்கும். எங்கள் வகுப்பில் ஒரு தன்னார்வலர் நாயின் உடல்சூட்டை செல்சியஸில் "39, நார்மல்" என்றார். கையில் ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டர் வைத்திருந்த பையன் மிரண்டு போனான். பலகையில் 102.2 என்று எழுதிய பிறகுதான் சிரிப்பு வந்தது, கூடவே கேள்வியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளையிடம், கட்டுத்துணியால் நாயின் வாயைக் கட்டும் முறையைத் தமிழிலோ கன்னடத்திலோ சொல்லச் சொல்லுங்கள். திணறினால் பாடம் போய்ச் சேரவில்லை. சரளமாகச் சொன்னால் வெறும் கூச்சம்தான், நாளாக நாளாகச் சரியாகும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நாயைத் தொடும் முன், அந்த நர்ஸ் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் நாய்களிடம் ரேபிஸ் இல்லை, போடாமலே வந்திருக்கலாம். போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்குப் போகத்தான் வேண்டும்.