ஃப்ரிட்ஜ்ல ஒட்டுன போட்டோவ இப்ப யாரு பாக்கறா?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 34. ரெண்டாவது பையன் பொறந்தப்ப ஏறுன வெயிட்டு, அவன் யூகேஜி போயும் எறங்கல. என் கல்யாண போட்டோவ ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சேன், மொத பத்து நாள் அதப் பாத்தாலே கை பின்னால வந்துரும், இப்ப அதப் பாத்துக்கிட்டே மிச்சர் திங்கறேன். இதெல்லாம் வேலைக்கே ஆகாதா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஆகும்மா, ஆனா ஒரே எடத்துல கிடந்தா அது போன வருஷ காலண்டர் மாதிரிதான், கண்ணு பழகிருச்சுன்னா சுவரோட சுவரா போயிரும். அதுவும் கல்யாண போட்டோன்னா பாக்கறப்பல்லாம் "எப்படி இருந்தோம்"னு ஒரு வருத்தம், அந்த வருத்தத்துக்கே ரெண்டு பிடி மிச்சர் கூடப் போகும் (சொந்த அனுபவம், சிரிக்காதீங்க). அத ஹால்ல மாட்டிருங்க.

ஞாபகப்படுத்தற அடையாளத்த கை போற எடத்துல வைங்க. எங்க வீட்ல நாங்க ரெண்டே பேரு, 1 லிட்டர் எண்ணெய் பாட்டில்ல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி நாலு பங்கா பிரிச்சிருவேன், ஒரு பங்கு ஒரு வாரத்துக்கு. புதன்கிழமையே பொட்டுக்குக் கீழ எறங்கிருச்சுன்னா அப்புறம் ஞாயிறு வரைக்கும் சுட்ட அப்பளம்தான், வீட்டுக்காரர் மொணங்குவாரு, மொணங்கட்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெயே கிட்டத்தட்ட 45 கலோரி ஆச்சே.

மிச்சர் கண்ணாடி பாட்டில்லயா இருக்கு? அதான் வினை. எவர்சில்வர் சம்படத்துல போட்டு பரண்ல ஏத்துங்க, ஸ்டூல் போட்டு ஏறணும்னா பாதி நாள் வேணாம்னு தோணிரும். கண்ணாடி டப்பால வெள்ளரிக்கா நறுக்கி ஃப்ரிட்ஜ்ல கண்ணுக்கு நேரா வைங்க.

2025ல சிபிஎஸ்இ பள்ளிக்கூடங்கள்ல, எதுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு பசங்களுக்குக் காட்டற சர்க்கரை போர்டு வைக்கச் சொன்னாங்கல்ல, அத நீங்க வீட்லயே செய்யலாம். 300 மில்லி கோலா பாட்டில் பக்கத்துல ஒரு டம்ளர்ல 8 டீஸ்பூன் சர்க்கரைய அள்ளிப் போட்டு வைங்க, ஏறக்குறைய அவ்வளவு அதுல இருக்கு. பசங்களே வாய் பொளந்துருவாங்க.

அப்புறம் ஒரு ரிப்பன். நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு இடுப்பு சுத்தளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. அந்த அளவுக்கு வெட்டி பாத்ரூம் கதவுக்குப் பின்னால மாட்டுங்க, ஞாயித்துக்கெழம காலைல மட்டும் வெறும் வயித்தோட சுத்திப் பாருங்க. ரெண்டு முனைக்கும் நடுவுல எத்தன விரக்கட இருக்குன்னு எண்ணி அந்தக் கதவுலயே பென்சில்ல குறிச்சு வைங்க. ரெண்டு மூணு மாசமாகியும் ஒரு விரல்கூட குறையலன்னா தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க.