மனிதவளத் துறைக்கான மென்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சுமார் 200 பேர் பணிபுரிகிறார்கள். விடுப்பு, வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு ஆகிய அனைத்தையும் மூன்று பேர் கொண்ட எங்கள் துறை எக்செல் கோப்புகளில் பராமரித்து வருகிறது. எல்லாம் அடங்கிய ஒரே மென்பொருளை வாங்கிவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருள் நிறுவனங்களை அழைப்பதற்கு முன்னால் உங்கள் விதிகளை எழுதி முடியுங்கள். சிறிய துறைகளில் பெரும்பாலான விதிகள் அனுபவமுள்ள ஒருவருடைய நினைவில்தான் இருக்கின்றன. இரண்டு விடுப்பு நாட்களுக்கு நடுவே வரும் வார விடுமுறை விடுப்புக் கணக்கில் சேருமா, மாத நடுவில் சேர்ந்தவருக்கு ஒருநாள் சம்பளத்தைக் கணக்கிட 30ஆல் வகுப்பதா அல்லது அந்த மாதத்தின் வேலைநாட்களால் வகுப்பதா, எடுக்காத விடுப்பில் எத்தனை நாள் அடுத்த ஆண்டுக்குப் போகும் என்பவற்றையெல்லாம் மென்பொருள் ஒவ்வொன்றாகக் கேட்கும். உங்களிடம் பதில் இல்லாத இடத்தில், நிறுவ வருபவர் அதில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவார். நாளடைவில் அதுவே உங்கள் நிறுவனத்தின் விதியாகிவிடும். யாரும் முடிவெடுக்காமலேயே ஊழியர்களுக்குச் சேரவேண்டிய பணம் மாறிப்போகும் இந்த நிலையைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது தரவு. ஒரே ஊழியரின் பெயர் மூன்று கோப்புகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பணியில் சேர்ந்த தேதி சில இடங்களில் விடுபட்டிருக்கும். விலகிப்போனவர்கள் இன்னமும் பட்டியலில் இருப்பார்கள். ஊழியர் எண்ணை அடிப்படையாக வைத்து எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டுக்குக் கொண்டுவந்து, அந்தந்த ஊழியரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் இதைச் செய்யாமல் புதிய மென்பொருளுக்குப் போனால், பழைய பிழைகள் புதிய திரையில் நம்பகமான தோற்றத்துடன் வந்து நிற்கும்.

மூன்று பேர் மட்டுமே உள்ள துறைக்குத் தனித்தனி மென்பொருள்களை வாங்கி ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிப்பது பெரும் சுமை. ஆகவே ஒரே தொகுப்பு என்ற நிர்வாகத்தின் கருத்தோடு நான் உடன்படுகிறேன். எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் தொடங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஊழியர் பதிவேடு, பிறகு விடுப்பும் வருகைப் பதிவும், அவை சில மாதங்கள் நிலைபெற்ற பிறகு சம்பளம் என்ற வரிசைக்குக் காரணம் உண்டு: சம்பளக் கணக்கு முந்தைய இரண்டின் தரவையும் உண்டுதான் இயங்குகிறது. பணித்திறன் மதிப்பீட்டுப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மேலாளர்கள் தம் கீழுள்ளவர்களோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் இல்லாத இடத்தில், அந்தப் பகுதி ஆண்டுக்கொருமுறை அவசரமாக நிரப்பப்படும் படிவமாகவே முடியும்.

கேள்வி: மூன்று நிறுவனங்கள் வந்து செயல்விளக்கம் காட்டின. மூன்றுமே நன்றாகத்தான் தெரிகின்றன. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: செயல்விளக்கத்தில் அவர்கள் காட்டுவது அவர்கள் தயாரித்து வைத்திருக்கும் மாதிரி நிறுவனம். அங்கே எல்லோரும் மாதத்தின் முதல் நாளில் சேர்கிறார்கள். யாருக்கும் நிலுவை இல்லை. உங்கள் துறையைக் கடந்த ஆண்டு திணறவைத்த பத்து நிகழ்வுகளை எடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு, மூன்று நிறுவனங்களுக்கும் கொடுங்கள். முன்தேதியிட்டு அறிவிக்கப்பட்ட ஊதிய உயர்வு, கடன் பிடித்தம் பாக்கியிருக்கும்போதே விலகிய ஊழியர், சம்பளக் கணக்கு முடிந்த பிறகு சம்பளமில்லா விடுப்பு என்று தெரியவந்த நாட்கள், இரவுப் பணி நள்ளிரவைத் தாண்டி அடுத்த தேதியில் முடிவது போன்றவை அவற்றில் இருக்கட்டும். உங்கள் கண்ணெதிரே அவர்கள் செய்து காட்ட வேண்டும். “அதுவும் முடியும்” என்ற வாய்வார்த்தையை முடியாது என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, வேண்டுமென்றே ஒரு தவறான பதிவைச் செய்யச் சொல்லி, அதைத் திருத்தச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். திருத்தும் அதிகாரம் உங்கள் துறைக்கு இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டுமா? பழைய மதிப்பு என்ன, யார் எப்போது மாற்றினார் என்ற தடம் பதிவாகிறதா? பாதிக்கப்பட்ட ஊழியருக்கு அந்த மாற்றம் தெரியுமா? எந்த மென்பொருளும் ஒருநாள் தவறு செய்யும். அந்த நாளில் ஊழியர் யாரிடம் போவார், எத்தனை நாளில் அவருக்கு நியாயம் கிடைக்கும் என்பதில்தான் நல்ல மென்பொருளுக்கும் மோசமான மென்பொருளுக்கும் உண்மையான வேறுபாடு வெளிப்படுகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தகவல் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரச் சான்றான ஐஎஸ்ஓ 27001 இருப்பதாகச் சொன்னால் அது நிறுவனத்தின் எந்தப் பகுதியை உள்ளடக்குகிறது என்பதைப் படித்துப் பாருங்கள். சேவை நிறுவனங்களின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை வெளித் தணிக்கையாளர் ஆராய்ந்து தரும் எஸ்ஓசி 2 அறிக்கையில் முதல் வகை, கட்டுப்பாடுகள் ஒரு குறிப்பிட்ட தேதியில் எப்படி அமைந்திருந்தன என்பதை மட்டும் சொல்லும். இரண்டாம் வகை, பல மாதங்கள் அவை உண்மையில் செயல்பட்டனவா என்பதையும் சோதித்துச் சொல்லும். இரண்டாம் வகையையே கேளுங்கள்.

கேள்வி: புதிய சம்பள மென்பொருளுக்கு அடுத்த மாதமே மாறிவிட வேண்டும், பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது வீண் செலவு என்று எங்கள் நிதித் துறை வற்புறுத்துகிறது. அது சரியா?

பதில்: சரியில்லை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு அரசுகள் பெரும் விலைகொடுத்துக் கற்ற பாடம் இது. கனடாவின் மத்திய அரசு 2016ஆம் ஆண்டு ஃபீனிக்ஸ் என்ற சம்பள முறையைத் தொடங்கியது. காலக்கெடுவையும் செலவையும் மீறக்கூடாது என்பதற்காகச் சில முக்கியச் செயல்பாடுகளை நீக்கினார்கள். முன்னோட்டமாக ஓரிடத்தில் ஓட்டிப் பார்க்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். மென்பொருள் வருகிறதே என்று அனுபவமுள்ள சம்பள ஆலோசகர்கள் பலரை முன்கூட்டியே பணியிலிருந்து குறைத்தும்விட்டார்கள். விளைவாகப் பல்லாயிரக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவாகவோ கூடுதலாகவோ வந்தது, சிலருக்கு வரவேயில்லை. அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று குறிப்பிட்டார். அதற்கு முன்பே, 2010 மார்ச் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை புதிய சம்பள முறைக்கு மாறியபோது, படிகளும் பணிமுறைகளும் மிகச் சிக்கலாக இருந்த மருத்துவமனை ஊழியர்களின் சம்பளம் பெருமளவில் குளறுபடியானது. சுமார் 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட அந்தத் தோல்வியை 2013ஆம் ஆண்டு ஒரு விசாரணை ஆணையம் ஆராய்ந்தது.

ஆகவே குறைந்தது இரண்டு முழுச் சம்பளச் சுற்றுகளைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். மொத்தத் தொகை ஒத்துப்போகிறது என்று திருப்தியடைந்துவிடாதீர்கள். ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் மொத்தத்தில் மறைந்துவிடும். ஊழியர்வாரியாக, ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு பிடித்தத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். சில இடங்களில் பழைய கணக்கே தவறாக இருந்தது தெரியவரும். அப்போது ஊழியருக்குச் சேரவேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுப்பது உங்கள் கடமை. ஆண்டு இறுதி, ஊக்கத்தொகை மாதம் போன்ற நெருக்கடியான நேரத்தை மாற்றத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மாறிய பிறகும் ஒரு மாற்று வழி கையில் இருக்கட்டும். 2021 டிசம்பரில், வருகைப் பதிவுக்கும் சம்பளத்துக்கும் மென்பொருள் வழங்கும் குரோனோஸ் நிறுவனத்தின் கிளவுட் சேவை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில வாரங்கள் முடங்கியபோது, அதை நம்பியிருந்த பல நிறுவனங்கள் முந்தைய சம்பளத் தொகையையே மறுபடி வழங்கின. கூடுதல் நேரம் உழைத்தவர்களுக்கு அந்தப் பணம் பின்னரே கிடைத்தது. ஒவ்வொரு சம்பளச் சுற்றும் முடிந்தவுடன் முழு விவரத்தையும் இறக்கிப் பாதுகாப்பாகத் தனியே வைத்திருந்தால், இத்தகைய நாளில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்களுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. செயற்கை நுண்ணறிவால் வடிகட்டும் கருவியை வாங்கலாமா? மனிதர்களைப் போலப் பாரபட்சம் காட்டாது என்று விற்பனையாளர் உறுதி சொல்கிறார்.

பதில்: அந்த உறுதிமொழியை நம்ப வேண்டாம். அமேசான் நிறுவனம் 2014ஆம் ஆண்டு முதல் இத்தகைய கருவியொன்றை உருவாக்கி, பிறகு கைவிட்டதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018இல் வெளியிட்டது. பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அதைப் பயிற்றுவித்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் பெண்கள் அமைப்பு, பெண்கள் கல்லூரி போன்ற குறிப்புகள் இருந்த விண்ணப்பங்களுக்குக் கருவி மதிப்பெண்ணைக் குறைத்தது. கடந்தகாலத் தேர்வுகளில் இருந்த சாய்வு, கணக்கின் வடிவில் திரும்பி வந்தது.

விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்தவும், நேர்காணல் நேரம் குறிக்கவும், விண்ணப்பித்தவர்களுக்குத் தவறாமல் பதில் அனுப்பவும் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நிராகரிக்கும் முடிவை மட்டும் மனிதரிடம் வைத்திருங்கள். அப்படியும் வடிகட்டும் கருவியைப் பயன்படுத்த நேர்ந்தால், முடிவுகளைக் காலாண்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அமெரிக்காவில் 1978 முதல் வழக்கில் உள்ள ஐந்தில் நான்கு பங்கு விதி எளிமையானது: ஒரு பிரிவினரின் தேர்வு விகிதம், அதிகமாகத் தேர்வான பிரிவினரின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் அது எச்சரிக்கை. விண்ணப்பித்த 100 ஆண்களில் 40 பேரும் 50 பெண்களில் 12 பேரும் அடுத்த கட்டத்துக்குச் சென்றால், தேர்வு விகிதம் முறையே 40 சதவீதம், 24 சதவீதம். இரண்டாவது விகிதம் முதலாவதில் 60 சதவீதமே. 80க்குக் குறைவாக இருப்பதால் காரணத்தைத் தேடியாக வேண்டும். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். சட்டங்களும் இந்தத் திசையில்தான் நகர்கின்றன: நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை வேண்டும் என்ற விதியைச் செயல்படுத்துகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆட்சேர்ப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது.

கேள்வி: நான் ஓர் ஊழியர். எங்கள் நிறுவனத்தில் முகத்தை வைத்து வருகைப் பதிவு செய்யும் கருவி வரப்போகிறது. கைபேசியில் இருப்பிடத்தைக் காட்டும் செயலியும் நிறுவச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன கேட்கலாம்?

பதில்: கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் கைரேகையையும் மாற்ற முடியாது. படமாகவே சேமிக்கிறார்களா அல்லது அதிலிருந்து எடுக்கப்பட்ட எண் வடிவத்தை மட்டுமா, அது யாருடைய கணினியில் இருக்கிறது, நீங்கள் விலகியபின் எத்தனை நாளில் அழிக்கப்படும், விரும்பாதவர்களுக்கு அட்டை போன்ற மாற்று வழி உண்டா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சட்டம் 2008 முதலே, இத்தகைய தரவைப் பெறுமுன் எழுத்துபூர்வமான ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கருவி உங்களை அடையாளம் காணத் தவறினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கையால் கடின வேலை செய்பவர்களின் ரேகை தேய்ந்திருப்பதும், வெளிச்சம் குறைந்த வாயிலில் முகம் பதியாமல் போவதும் வழக்கமாக நடப்பவைதான். அன்று நீங்கள் வராதவராகக் கணக்கிடப்படாமல் இருக்க, அதே நாளில் பதிவைத் திருத்தும் அதிகாரம் கொண்ட ஒருவர் பணியிடத்தில் இருக்க வேண்டும். இருப்பிடச் செயலி பணிநேரம் முடிந்ததும் தானாக நின்றுவிட வேண்டும். வெளியே சென்று பணிபுரியாதவர்களுக்கு அது தேவையே இல்லை.

இதைப் படிக்கும் மனிதவளத் துறையினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முகபாவத்தைக் கொண்டு ஊழியரின் மனநிலையை அளப்பதாகச் சொல்லும் கருவிகளை வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கான விலக்குகளோடு, 2025 பிப்ரவரி முதல் பணியிடங்களில் அவற்றைத் தடை செய்திருக்கிறது.

கேள்வி: மென்பொருள் வாங்கி ஓராண்டாகிறது. மேற்பார்வையாளர்கள் இன்னமும் விடுப்பை வாட்ஸ்அப்பில்தான் அனுமதிக்கிறார்கள். பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

பதில்: அவர்களோடு ஒருநாள் நின்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லில் முடிவது மென்பொருளில் எத்தனை திரைகளைத் தாண்டி முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால், பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். அலுவலக மின்னஞ்சல் இல்லாத ஊழியர் எப்படி உள்நுழைவார், செயலி அவர் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்னொரு காரணம் உங்கள் துறையிலேயே இருக்கலாம்: வாட்ஸ்அப்பில் வந்த அனுமதியை நீங்களே மென்பொருளில் ஏற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் மாற வேண்டிய தேவையே இல்லை. தடைகளைச் சரிசெய்துவிட்டு, ஒரு தேதியை முன்கூட்டியே அறிவித்து, அன்றிலிருந்து ஏற்றிக்கொடுப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி: வழங்குநரை மாற்ற நினைக்கிறோம். எங்கள் பழைய தரவு முழுவதும் அவர்களிடம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒப்பந்தத்தைத் துண்டிக்கும் கடிதத்தை இப்போதே அனுப்பிவிடாதீர்கள். அனுப்பியபின் உள்நுழைவு எத்தனை நாள் திறந்திருக்கும், தரவை எந்த வடிவத்தில் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை ஒப்பந்தத்தில் பாருங்கள். ஊழியர் பட்டியலை மட்டும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகக் கொடுத்துவிட்டு, விடுப்பு வரலாறு, பழைய சம்பளச் சீட்டுகள், இணைக்கப்பட்ட ஆவணங்கள், திருத்தங்களின் தடம் ஆகியவற்றை விட்டுவிடுவது உண்டு. வழக்கு வந்தாலும் தணிக்கை வந்தாலும் தேவைப்படுபவை அவைதான். ஆகவே முதலில் ஒரு முழு ஏற்றுமதியை எடுத்து, விலகிய ஊழியர் ஒருவரின் பணிக்காலம் முழுவதையும் அந்தக் கோப்புகளைக் கொண்டு மட்டும் திரும்ப எழுத முடிகிறதா என்று சோதியுங்கள். முடிந்த பிறகு கடிதத்தை அனுப்புங்கள். அவர்களிடமுள்ள நகல்களையும் காப்புப் பிரதிகளையும் அழித்ததற்கான எழுத்துபூர்வமான உறுதியையும் அதே கடிதத்தில் கேட்டுப் பெறுங்கள்.