வாசகர் கேள்வி–பதில்: களத்துக்கு வெளியே ஒரு மதிப்பெண்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, தொழில்வாழ்வுத் தகவமைவுத் திறனை அளக்கும் ஒரே அளவுகோலைச் சுற்றி வருகின்றன. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு விளையாட்டுச் சம்மேளனத்தில் வீரர் நலனைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். வீரர்களின் ‘தொழில்வாழ்வுத் தகவமைவுத் திறனை’ அளந்து தருவதாக ஓர் ஆலோசகர் முன்வந்திருக்கிறார். அது என்ன? உண்மையிலேயே அளக்கக்கூடிய ஒன்றுதானா?

பதில்: வேலையும் வாழ்க்கையும் மாறும்போது அந்த மாற்றத்தைச் சமாளித்து அடுத்த படிக்குப் போக ஒருவரிடம் இருக்கும் உளவியல் கையிருப்புக்கே அந்தப் பெயர். இன்ன வயதில் ஒருவர் இன்ன முதிர்ச்சியை அடைந்திருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு பெரியவர்களின் தொழில்வாழ்வுக்குப் பொருந்தவில்லை என்பதால், தொழில்வாழ்வு ஆய்வாளர்கள் டொனால்ட் சூப்பரும் நேசலும் 1981இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1997இல் அதே துறையைச் சேர்ந்த மார்க் சாவிக்காஸ், முதிர்ச்சிக்குப் பதிலாக அதையே மையக் கருத்தாக்க வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் அவரும் எரிக் போர்ஃபெலியும் 13 நாடுகளின் ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் 2012இல் வெளியானது. உங்கள் ஆலோசகர் கையில் இருப்பது பெரும்பாலும் இதுவாகவோ இதன் சுருக்கமாகவோதான் இருக்கும்.

அதில் 24 கூற்றுகள் உண்டு. எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை, தன் முடிவைத் தானே எடுக்கும் பொறுப்பு, வாய்ப்புகளைத் துருவிப் பார்க்கும் ஆர்வம், எடுத்ததை முடிக்க முடியும் என்ற நம்பிக்கை ஆகிய நான்கு பிரிவுகளில் பிரிவுக்கு ஆறு கூற்றுகள் வருகின்றன. ஒவ்வொரு திறனையும் தான் எவ்வளவு வலுவாக வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை 1 முதல் 5 வரையுள்ள எண்களில் வீரரே குறிக்கிறார். ஆக, மொத்த மதிப்பெண் 24க்கும் 120க்கும் இடையே அமையும்.

வயதை அடிப்படையாகக் கொண்ட கணக்கு உயர்நிலை வீரர்களிடம் இன்னும் மோசமாகத் தோற்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸில் பலர் இருபதுகளிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். துப்பாக்கி சுடுதலில் நாற்பதைக் கடந்தும் போட்டியிடுகிறவர்கள் உண்டு. இடையில் ஒரு காயமோ, அணித் தேர்வில் ஒரு நிராகரிப்போ எந்த வயதிலும் முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். எனவே உங்கள் சம்மேளனம் இதில் ஆர்வம் காட்டுவது நியாயமே. ஆனால் அளக்கப்படுவது என்ன என்பதை மறந்துவிடாதீர்கள். ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் வீரரிடம் கருத்துக் கேட்பதில்லை. இங்கோ வீரரின் கருத்தேதான் அளவு. தன் திறனைப் பற்றி அவர் கொண்டிருக்கும் எண்ணத்தை இந்தத் தாள் நன்றாகவே பதிவு செய்யும். அந்த எண்ணம் சரிதானா என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

கேள்வி: நான் நீச்சல் பயிற்சியாளர். என்னிடம் பயிலும் 22 வயது வீராங்கனை இந்த வினாத்தாளில் 120க்கு 116 எடுத்திருக்கிறார். இனி அவருடைய எதிர்காலத்தைப் பற்றி நான் கவலைப்படத் தேவையில்லை அல்லவா?

பதில்: எனக்கென்னவோ அந்த 116தான் கவலை தருகிறது.

தாளை நிரப்பியபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தடைகளைக் கடப்பது பற்றிய கூற்றைப் படித்ததும், தோள்பட்டை வலியோடு ஒரு பருவம் முழுவதும் நீந்தி மீண்டது நினைவுக்கு வருகிறது, 5 போடுகிறார். புதிய திறன்களைக் கற்பது பற்றிய கூற்றில், சுவரைத் தொட்டுத் திரும்பும் முறையை மூன்றே மாதத்தில் மாற்றிக்கொண்டது நினைவுக்கு வருகிறது, அதற்கும் 5. வேலையைச் செம்மையாகச் செய்வது பற்றிக் கேட்டால், விடியற்காலைப் பயிற்சியை ஒரு நாளும் தவறவிடாத ஒருவர் வேறு எந்த எண்ணைத்தான் வட்டமிடுவார்? ஒரு பதிலும் பொய்யில்லை. ஆனால் எல்லாமே குளத்துக்குள் இருந்து வந்த பதில்கள். அதே நம்பிக்கை ஓர் அலுவலக நேர்காணலிலோ, தன்னைவிட இளையவர்கள் வேகமாகக் கற்கும் வகுப்பறையிலோ அவருடன் வருமா என்பதை அந்தத் தாள் கேட்கவில்லை. போதாததற்கு, உயர்நிலைக்கு வந்து சேர்ந்தவர்கள் தன்னம்பிக்கையாலும் ஒழுங்காலும் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். அவர்களுடைய மதிப்பெண்கள் உச்சியில் போய்க் குவிந்துவிடுவதால், ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோலால் காட்ட முடியாமல் போகிறது.

எந்தக் களத்தை மனதில் வைத்துப் பதில் எழுதுவது என்ற இந்தச் சிக்கலைப் பின்லாந்தில் தத்தியானா ரிபாவின் குழுவினர் நேரடியாகவே எடுத்துக்கொண்டார்கள். படிப்பையும் விளையாட்டையும் ஒருசேர நடத்தும் மேல்நிலைப்பள்ளி வீரர்களுக்காக, அந்த இரட்டைப் பாதையை முன்னிறுத்தி இதே அளவுகோலைத் திருத்தியமைத்து 2017இல் வெளியிட்டார்கள். உங்கள் வீராங்கனையின் வயதுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இப்படிச் செய்து பாருங்கள்: அதே 24 கூற்றுகளை, நீச்சலை மட்டும் நினைத்து ஒருமுறையும், நீச்சலை விட்ட பின்னான வாழ்க்கையை நினைத்து மறுமுறையும் நிரப்பச் சொல்லுங்கள். இது ஆய்வில் நிறுவப்பட்ட முறையன்று, பேச்சைத் தொடங்க நான் சொல்லும் ஓர் உத்தி மட்டுமே. ஆனாலும் இரண்டு தாள்களுக்கும் இடையிலான இடைவெளி 116 என்ற எண்ணைவிட அதிகம் பேசும்.

தன் முடிவைத் தானே எடுப்பது பற்றிய பிரிவைத் தனியாகப் பாருங்கள். உணவு, உறக்கம், பயணம், ஓய்வு என ஒரு நாளின் ஒவ்வொரு மணியும் பிறரால் வகுக்கப்பட்ட வாழ்க்கையில் இருந்துகொண்டே, ‘என் முடிவுகளை நானே எடுக்கிறேன்’ என்று மனதார நம்ப முடியும். கடந்த ஓராண்டில் விளையாட்டுக்கு வெளியே அவர் யாரையும் கேட்காமல் எடுத்த ஒரு முடிவைச் சொல்லச் சொல்லுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் ஓர் அளவுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தாளைக் கொடுத்து வாங்குகிறவர் நீங்களாக இருக்கக் கூடாது. அணித் தேர்வில் குரல் உள்ளவரின் கைக்குப் போகும் தாளில் தன் தயக்கத்தை எழுத எவருக்கும் மனம் வராது.

கேள்வி: ஐந்தே நிமிடத்தில் இதைக் கணித்துத் தரும் செயலிகள் இருக்கின்றனவே, போதாதா?

பதில்: நிரப்புவதற்கு ஐந்து நிமிடம் போதும். நிரப்பியதைப் பற்றி வீரரோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் வேண்டும். அதைச் செயலி செய்யாது.

கேள்வி: உளவியல் ஆய்வு மாணவி நான். அளவுகோலைத் தமிழாக்கி 40 வீரர்களிடம் பயன்படுத்தினேன். ஆறு மாதப் பயிலரங்குக்குப் பின் அவர்களில் ஒருவருடைய மதிப்பெண் 88இலிருந்து 94 ஆகியிருக்கிறது. இதை முன்னேற்றம் என்று எழுதலாமா?

பதில்: முதலில் தமிழாக்கம். ‘கன்சர்ன்’ என்ற பிரிவைக் ‘கவலை’ என்று மொழிபெயர்த்திருந்தால் அளவுகோல் அங்கேயே தலைகீழாகிவிடும். எதிர்காலத்தை எண்ணிக் கலங்குகிறவர் அதிக மதிப்பெண் வாங்குவார். ‘அக்கறை’ என்பதே பொருத்தம். ‘கன்ட்ரோல்’ என்பதற்குக் ‘கட்டுப்பாடு’ என்று எழுதியிருந்தால், பயிற்சியாளர் சொல்வதைத் தட்டாமல் கேட்பவரே தம்மைக் கட்டுப்பாடு மிக்கவர் என்று குறித்துக்கொள்வார். அளவுகோல் கேட்பது அதற்கு நேர் எதிரானது, தன் முடிவைத் தானே எடுப்பதை. தமிழாக்கிய தாளை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு சில வீரர்களை ஒவ்வொரு கூற்றையும் படித்துத் தங்களுக்குப் புரிந்ததை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். புள்ளியியல் காட்டாத பிழைகள் பல அங்கே வெளிவரும்.

அடுத்து அந்த ஆறு மதிப்பெண். உங்கள் குழுவின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 12 என்றும் நம்பகத்தன்மைக் கெழு (1 என்றால் அளவீட்டில் பிழையே இல்லை) 0.90 என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு தனி மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 3.8 ஆகும், இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தைப் பிழையன்று என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல அது 10.5ஐத் தாண்ட வேண்டும். ஆகவே ஆறு என்பது அளவுகோலின் சொந்தத் தள்ளாட்டமாகவும் இருக்கலாம். அந்த வீரரின் முன்னேற்றமாக அதை எழுதாதீர்கள். குழுவின் சராசரி உயர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கும் பயிலரங்கில் கலந்துகொள்ளாத ஒரு குழுவின் ஒப்பீடு வேண்டும். எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்த்து நான்கு பிரிவு அமைப்பை உறுதிசெய்யும் காரணிப் பகுப்பாய்வுக்கு 40 பேர் போதவே போதாது. குழு விளையாட்டினரையும் தனிநபர் விளையாட்டினரையும் ஒப்பிடும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள். கூற்றுகளை இரு சாராரும் ஒரே பொருளில்தான் படிக்கிறார்கள் என்று காட்டாமல் சராசரிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கேள்வி: எனக்கு வயது 29. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் தகுதிப் போட்டி. ‘எதிர்கால அக்கறை’ பிரிவில் 30க்கு 13தான் வந்தது. எனக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உண்மையா?

பதில்: தகுதிப் போட்டி நெருங்கும் வேளையில் அதைத் தாண்டி யோசிக்க மறுப்பதைக் குறைபாடு என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் திறன்கள் உயரத்தைப் போல நிலையானவை அல்ல, சூழலைப் பொறுத்து ஏறி இறங்குபவை. காயத்தில் படுத்திருக்கும் மாதத்திலும் பதக்கம் வென்ற வாரத்திலும் ஒரே வீரர் வேறு வேறு எண்களைத் தரக்கூடும். பருவம் முடிந்த பின் மறுபடியும் நிரப்பிப் பாருங்கள்.

கூடவே, விளையாட்டு அடையாள அளவுகோல் என்ற வேறொரு தாளையும் கேட்டு வாங்குங்கள். உளவியலாளர் பிரிட்டன் ப்ரூவரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட அது, ‘நான் யார்’ என்பதற்கு ‘விளையாட்டு வீரன்’ என்ற விடை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. வலுவான விளையாட்டு அடையாளம் தன்னளவில் தீங்கன்று. நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். அந்த அடையாளம் உச்சத்திலும், எதிர்கால அக்கறையும் ஆர்வமும் அடித்தளத்திலும் பருவத்துக்குப் பருவம் அப்படியே நின்றால் அப்போது ஓர் ஆலோசகரைத் தேடுங்கள். ஒரு பிரிவில் ஒருமுறை வந்த 13ஐக் கொண்டு யாரும் உங்களைப் பற்றித் தீர்ப்பெழுத முடியாது. அந்தத் தாள் இப்போது யாரிடம் இருக்கிறது, தேர்வுக்குழு அதைப் பார்க்குமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பயிற்சிக்குத் திரும்புங்கள்.