சின்னஞ்சிறு நாடுகள்: அரசுத் தகுதியும் அங்கீகாரமும் – கேள்வி பதில்

கேள்வி (மதுரை வாசகர்): பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் பசிபிக் தீவான நவூருவை எப்படித் தனி நாடு என்கிறார்கள்?

பதில்: சட்டம் தலைகளை எண்ணுவதில்லை. 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ ஒப்பந்தம் நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கையும் கேட்கிறதே தவிர, எவ்வளவு என்று கேட்பதில்லை. 21 சதுர கிலோமீட்டர் கொண்ட நவூரு 1968இல் விடுதலை பெற்று, 1999இல்தான் ஐ.நா.வில் சேர்ந்தது, இடைப்பட்ட ஆண்டுகளிலும் அது நாடாகவே இருந்தது. ஐ.நா. உறுப்பினராவது வேறு, நாடாவது வேறு.

கேள்வி (கோவை வாசகர்): இங்கிலாந்துக் கடலோரத்தில் தன்னை நாடு என்று சொல்லிக்கொள்ளும் சீலாந்து?

பதில்: அது போர்க்காலக் கோபுரம். மனிதர் கட்டிய மேடை நிலப்பரப்பு ஆகாது என்று ஜெர்மனியின் கொலோன் நிர்வாக நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்துவிட்டது.

கேள்வி (சேலம் வாசகர்): கைலாசாவின் பிரதிநிதிகள் ஐ.நா.வில் பேசினார்களே?

பதில்: 2023 பிப்ரவரியில் ஜெனிவாவில் அவர்கள் பேசியது எவரும் பதிவு செய்து கலந்துகொள்ளக்கூடிய பொதுக் கூட்டங்களில். அரங்கில் பேசுவது அங்கீகாரம் ஆகாது. இப்படிப்பட்ட 'நாடுகளின்' குடியுரிமைக்கோ கடவுச்சீட்டுக்கோ தயவுசெய்து யாரும் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): சீலாந்தில் பிரபுப் பட்டம் வாங்கினால் விசா கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. முந்தைய இரண்டு பதில்களையும் படியுங்கள், பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): பசிபிக் தீவு நாடான துவாலு கடலில் மூழ்கிவிட்டால் அந்த நாடு என்ன ஆகும்?

பதில்: என்னை மிகவும் வருத்தும் கேள்வி இது. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் சில இடங்களில் சாலையின் இருபுறமும் கடல் தெரியும். 2021இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, கோட்டும் டையுமாக முழங்கால் அளவுக் கடல்நீரில் நின்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு உரையாற்றினார். பருவநிலை மாற்றத்தால் நிலத்தை இழந்தாலும் தன் அரசு என்றென்றும் நிலைக்கும் என்று 2023இல் துவாலு தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. ஆஸ்திரேலியாவும் துவாலுவோடு செய்துகொண்ட ஃபலேபிலி உடன்படிக்கையில் அதை ஏற்றது. 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், நிலைபெற்றுவிட்ட ஒரு நாடு அதன் கூறுகளில் ஒன்றை இழப்பதாலேயே நாடு என்ற தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்று கூறியது. பிறப்பதற்கு வேண்டிய நிபந்தனைகளையே தொடர்ந்து வாழ்வதற்கும் கேட்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (மதுரை வாசகர், மீண்டும்): இதை ஏற்க மாட்டேன். பிறர் ஏற்பதால்தானே துவாலு நிலைக்கிறது? அப்படியானால் அங்கீகாரம்தான் நாட்டை உருவாக்குகிறது.

பதில்: உங்கள் வாதத்துக்குச் சட்ட நூல்களில் நீண்ட மரபு உண்டு, ஆனாலும் லீக்டன்ஸ்டைனைப் பாருங்கள். 1920இல் அது ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, இறைமையின் சில அதிகாரங்களைப் பிறரிடம் ஒப்படைத்திருக்கிறது என்று காரணம் காட்டி மறுத்தார்கள். 1990இல் ஐ.நா. அதையே சேர்த்துக்கொண்டது. நிலம் அதே 160 சதுர கிலோமீட்டர்தான், மன்னர் குடும்பமும் அதேதான்; மாறியது பார்த்தவர்களின் மனம். நாட்டின் அரசியல் இருப்பு பிறரின் அங்கீகாரத்தைச் சார்ந்ததல்ல என்று மான்டிவிடியோ ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவும் சொல்கிறது. அங்கீகாரம் கிடைக்காத நாட்டுக்குத் தூதரகமும் வணிகமும் கடனும் எட்டாக்கனி என்பதை மட்டும் உங்களோடு சேர்ந்து ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): குக் தீவுகள்?

பதில்: 1965 முதல் தன்னாட்சி, மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், உலக சுகாதார நிறுவனத்தில் உறுப்பினர், ஐ.நா.வில் இல்லை. அமெரிக்கா 2023 செப்டம்பரில்தான் அதை இறைமையுள்ள நாடாக ஏற்றது. அந்த மாதத்தில்தான் அது நாடாகப் பிறந்தது என்று நீங்கள் சொல்வீர்களா?