செங்கோட்டையிலிருந்து ஒரே சீட்டில் ஒரு சுற்று: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் பயணச்சீட்டு கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்ற செங்கோட்டைக்காரன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

பாலக்காடு, கொச்சி, கொல்லம் பார்த்துவிட்டு மலைப்பாதை வழியாக ஊர் திரும்ப ஒரே பாஸ் கிடைக்குமா? (தென்காசி)

வட்டார பாஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. அதற்கு ஈடாகச் சுற்றுப்பயணச் சீட்டு உண்டு. கவுண்டரில் 'சர்க்குலர் டிக்கெட்' என்று கேளுங்கள். புறப்பட்ட நிலையத்திலேயே பயணம் முடிய வேண்டும், இடையில் எட்டு ஊர்கள் வரை இறங்கித் தங்கலாம். விருதுநகர், மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, எர்ணாகுளம், கோட்டயம், கொல்லம், புனலூர் என்று சுற்றி வந்தால் ஏறத்தாழ 800 கி.மீ. ஆகும், அதைப் பாதியாகப் பகுத்து, 400 கி.மீ. கொண்ட இரண்டு ஒற்றைப் பயணங்களாகக் கட்டணம் போடுவார்கள். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், ஊருக்கு ஊர் தனிச்சீட்டு எடுப்பதைவிட இது மலிவு. வழித்தடத்தை எழுதிக் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுத்தால், கட்டணத்தைக் கணக்கிட்டு நிலையத்துக்குத் தெரிவிப்பார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்தச் சீட்டு பயணம் செய்யும் உரிமையை மட்டுமே தரும். படுக்கை வேண்டுமானால் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே முன்பதிவு செய்தாக வேண்டும்.

மாதாந்திர சீசன் டிக்கெட்டில் இப்படிச் சுற்ற முடியாதா?

முடியாது. அது 150 கி.மீ.க்கு உட்பட்ட இரண்டு நிலையங்களுக்கு இடையில் மட்டும் செல்லும்.

எனக்கு வயது 67, சலுகை உண்டா?

மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முழுக் கட்டணத்தையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.

சர்க்குலர் டிக்கெட் வாங்கியபின் படுக்கை தானாகவே கிடைத்துவிடுமா?

கிடைக்காது. முதல் பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

புனலூர்-செங்கோட்டை மலைப்பாதையில் உள்ள பதின்மூன்று கண் (வளைவு) பாலத்தைப் பார்க்க ரயில் எதற்கு? பேருந்தில் போனால் பாலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியுமே. (புளியரை)

இந்தக் கேள்வியை ஒட்டி எட்டுப் பேர் வாதாடி எழுதியிருப்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். புளியரை அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை. கழுதுருட்டி அருகே அந்தப் பாலம் நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்பதால், அதன் வளைவுகளை எண்ணிப் பார்க்க ஏற்ற இடம் சாலைதான்; மேலே வண்டியில் இருப்பவருக்குக் காலடியில் உள்ள பாலம் தெரியாது. ஆனால் 1904-இல் திறந்த இந்த மலைப்பாதை அந்த ஒரு பாலத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஏற்றத்துக்காகப் பின்னால் மாட்டிய இன்ஜின் தள்ளும்போது பெட்டி மெல்ல அதிர்வதையும், சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களில் பால் வடியும் சிரட்டைகள் நகர்வதையும், ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று குளிர்வதையும், வெளியே வந்தால் பகவதிபுரத்தில் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து முதலில் நிற்பதையும் பேருந்து தராது. அகலப்பாதை வேலைக்காக 2010 முதல் 2018 வரை இந்த மலையில் வண்டியே ஓடாத காலத்தை அறிந்தவன் என்பதால், இருக்கிற வண்டியில் ஏறாமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

மீட்டர்கேஜ் (பழைய குறுகிய பாதை) போனதோடு அழகும் போயிற்று என்று எழுதிய புனலூர் நண்பருக்கு: மலையும் குகையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

இரண்டும் வேண்டுவோர் தென்மலையில் இறங்கி, எட்டு நிறுத்தங்களில் ஒன்றை அதற்குச் செலவிட்டு, பேருந்தில் கழுதுருட்டி போய்ப் பாலத்தைப் பார்த்துத் திரும்பி, அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். எப்படியானாலும் பகலில் வாருங்கள். பாலருவி விரைவு வண்டி இரவில் மலையைக் கடப்பதால், கொல்லத்திலிருந்து நண்பகல் வாக்கில் புறப்படும் சென்னை வண்டியே ஏற்றது. வாசல்படியில் தொங்கிப் படம் எடுக்க வேண்டாம். குகைச்சுவர் மிக அருகில் வரும்.

எர்ணாகுளத்தில் முன்பதிவு இல்லாமல் ஏறலாமா?

முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறலாம். படுக்கைப் பெட்டிக்கு, மூன்றாம் முறையாகச் சொல்கிறேன், தனிப் பதிவு வேண்டும்.

புனலூரில் இரண்டு மணி நேரம் கிடைத்தால்?

கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டி முடித்த தொங்குபாலத்துக்குப் போங்கள்.