நார்வேக்காரர்களும் சுவீடன்காரர்களும் ஓயாமல் கேலி செய்துகொள்கிறார்களே, உள்ளுக்குள் பகையா?

பகை இல்லை. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், பங்காளிகள்.

நான் ஒஸ்லோவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் மூன்று பேர் சுவீடன்காரர்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நார்வேக்காரர் ஒருவர் கேட்டார்: "சுவீடன்காரன் பாலைவனத்துக்குப் போகும்போது ஏன் கார் கதவைத் தூக்கிக்கொண்டு போகிறான்? வெயில் அடித்தால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளத்தான்." எனக்குப் பகீர் என்றது, ஏனென்றால் பக்கத்திலேயே சுவீடன்காரர் உட்கார்ந்திருந்தார். அவரோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதே கதையை எங்கள் அப்பா நார்வேக்காரனை வைத்துச் சொல்வார்" என்றார். இப்படி நூற்றுக்கணக்கான துணுக்குகள் உண்டு. எல்லையைத் தாண்டியதும் முட்டாளின் ஊர் மட்டும் மாறும்.

இரண்டு மொழிகளும் அவ்வளவு நெருக்கம் என்பதால்தான் இது முடிகிறது. அவரவர் மொழியில் பேசினாலே மற்றவருக்குப் புரியும். ஆனால் இடறும் சொற்களும் உண்டு. சுவீடன்காரர் உங்கள் அம்மாவை 'ரார்' என்றால் அன்பானவர் என்று பொருள். நார்வேக்காரர் காதில் அது 'ஒரு மாதிரியான ஆள்' என்று விழும்.

சரி, பகை ஏன் இல்லை? பாகப்பிரிவினை நடந்த விதம்தான் காரணம் என்பது என் எண்ணம். 1814 கோடையில் சில வாரங்கள் சண்டை நடந்தது. அதுதான் இவர்களுக்குள் கடைசிப் போர். அதற்கு அப்புறம் சுவீடன் மன்னரே நார்வேக்கும் மன்னர். வெளிநாடுகளில் தனித் தூதரகச் சேவை வேண்டும் என்று நார்வே கேட்டு, அது இழுபறியாகி, 1905 ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் உறவை முறித்தது. ஆகஸ்டில் வாக்கெடுப்பு: பிரிவதற்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிராக வெறும் 184. பெண்களுக்கு அதில் வாக்கு இல்லை. அவர்கள் தாங்களாகவே இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தார்கள். எல்லையில் இரு பக்கமும் படைகள் நின்றன. ஆனாலும் கார்ல்ஸ்டாட் நகரில் உட்கார்ந்து பேசியே முடித்துவிட்டார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. உலகத்தில் நாடுகள் பிரிந்த கதைகளைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இன்றைக்கு மோதல் எல்லாம் பனியில்தான். 2011-இல் ஒஸ்லோவில் நடந்த உலக ஸ்கி (பனிச்சறுக்கு) போட்டியில், ஆண்கள் தொடரோட்டத்தின் கடைசிச் சுற்றில் நார்வேயின் பெட்டர் நார்த்துக் முன்னால் வந்தார். முடிவுக் கோட்டைத் தொடுவதற்கு முன் நின்று, பின்னால் வந்த சுவீடன் வீரர் மார்க்கஸ் ஹெல்னரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கோட்டைத் தாண்டினார். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி இரு நாட்டாரும் இன்னும் பேசுகிறார்கள்.

அப்புறம், கடை. நார்வேயில் விலை அதிகம். அதனால் ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணிநேரம் கார் ஓட்டி, ஸ்வீனசுண்ட் பாலத்தைத் தாண்டி, சுவீடனில் பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, மிட்டாய் என்று அள்ளி வருவார்கள். பெரிய வியாழனன்று நார்வேயில் விடுமுறை, சுவீடனில் கடைகள் திறந்திருக்கும். ஒருமுறை அந்த நாளில் நானும் போனேன். கார் நிறுத்துமிடத்தில் வரிசை வரிசையாக நார்வே எண் பலகைகள்தான். மறுபக்கம், வேலை தேடி ஒஸ்லோவுக்கு வந்த சுவீடன் இளைஞர்கள் ஏராளம். நார்வேயில் எண்ணெய் கிடைத்த பிறகு ஏழைத் தம்பி பணக்காரன் ஆனதில் நார்வேக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை.

ஆறாத ஒரு வடுவும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 1940-இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது சுவீடன் நடுநிலை என்றது. ஆனால் 1943 வரை ஜெர்மன் படையினரைத் தன் ரயில்களில் போய்வர விட்டது. அதே சுவீடன்தான் தப்பி வந்த சுமார் 50,000 நார்வேக்காரர்களுக்கு அடைக்கலமும் கொடுத்தது.

எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய அப்பா 1942-இல் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டு வழியே எல்லையைக் கடந்தவர். அந்த ரயில்களைப் பற்றிப் பேசும்போது இவர் குரல் இன்றும் கடுக்கும். ஆனால் அன்று அப்பாவைச் சேர்த்துக்கொண்ட சுவீடன் பண்ணை வீட்டுக் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் அட்டைகள் இன்னும் போய்வருகின்றன. போன டிசம்பரில் வந்ததை எனக்குக் காட்டினார். வாழ்த்துக்குக் கீழே அந்த வீட்டுப் பேரன் எழுதியிருந்தான்: "இந்த வருடம் ஸ்கியில் உங்களை விடமாட்டோம்."