பாயிரம் யார் எழுத வேண்டும்?

கேள்வி: பழைய இலக்கண நூல்களைப் புரட்டினால் முதலில் 'பாயிரம்' என்று வருகிறதே, அது முன்னுரைதானா? நூலாசிரியரே எழுதுவதா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: முன்னுரையேதான், ஆனால் இன்றைய முன்னுரையைவிடக் கறாரானது. பவணந்தி முனிவரின் நன்னூல் (13-ஆம் நூற்றாண்டு) முதல் நூற்பாவிலேயே இதற்குரிய பெயர்களை அடுக்கிவிடுகிறது: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம். இதில் புறவுரை, தந்துரை இரண்டையும் கவனியுங்கள். நூலுக்குள் சொல்லாத செய்தியை வெளியிலிருந்து கொண்டுவந்து தருவது என்று பொருள். பாயிரத்தின் முக்கியமான வேலையே அதுதான்.

பொதுப்பாயிரம் எல்லா நூலுக்கும் பொது: நூலின் இலக்கணம், ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் சொல்வது, கேட்பது. சிறப்புப்பாயிரம் அந்த ஒரு நூலுக்கு மட்டும் உரியது. எழுதியவர் பெயர், எந்த நூலின் வழி வந்தது, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நூல் சொல்லும் பொருள், யார் கேட்கலாம், கேட்டால் என்ன பயன் என்று எட்டும் அதில் வந்தாக வேண்டும். காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று என்பவர்களும் உண்டு.

தொல்காப்பியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வடவேங்கடம் தென்குமரி ஆயிடைத் தமிழ்கூறு நல்லுலகத்து' என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோமே, அது தொல்காப்பியர் எழுதியதில்லை, பனம்பாரனார் எழுதிய சிறப்புப்பாயிரம். நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் நூல் அரங்கேறியது என்பதும் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது, நூலுக்குள் எங்கே தேடினாலும் கிடைக்காது.

அப்புறம், யார் எழுதுவது? தன் ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், உரைகாரர் என்று நாலு பேரைச் சொல்கிறது நன்னூல். பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் படித்தவர் என்பது மரபு. எத்தனை துறை முடித்தவனானாலும் 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்பதும் நன்னூல்தான். இன்றைக்கு அணிந்துரை எழுதுகிறவர்கள் இந்த எட்டில் நாலையாவது சொன்னால் வாசகருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! பக்கம் பக்கமாகப் பாராட்டு இருக்கிறது, நூல் எதைப் பற்றியது என்றுதான் தெரிவதில்லை.

கேள்வி: அப்படியானால் திருக்குறளின் பாயிரம்? (அதே வாசகர்)

பதில்: அது வேறு. கடவுள் வாழ்த்து முதல் அறன் வலியுறுத்தல் வரை நான்கு அதிகாரங்களைப் பாயிரவியல் என்பார்கள். அவை வள்ளுவரே பாடியவை, நூலின் பகுதி.